நுரையீரல் என்று நம்பி வளர்த்த செல்கள்

இப்போதெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரை அனுப்பினால், "நீங்கள் வளர்த்த செல், நீங்கள் சொல்கிற செல்தானா?" என்று ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் சான்றிதழ் கேட்கிறார்களாம். நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் இன்று இருக்கும் பிள்ளைகள் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டார்கள். "நம்பிக்கையே இல்லாம கேக்குறாங்க மேடம்" என்றாள் ஒருத்தி. எங்கள் காலத்தில் நம்பிக்கைக்குப் பஞ்சமே இல்லை. குப்பியின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் 'நுரையீரல்' என்று எழுதியிருந்தால் அது நுரையீரல்தான். எழுதியவர் டாக்டர் பட்டம் வாங்கியவராக இருந்துவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது. அந்த நம்பிக்கை எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை இருக்கப்போகிறது என்ற தைரியத்தில் கேட்டிருக்கிறார்கள். அதுவும் சரிதான்.

காஞ்சிபுரத்துக்கு வெளியே, வயலை வாங்கி மதில் எழுப்பிய ஒரு தனியார் ஆராய்ச்சி நிலையம் எங்களுடையது. பெயர் வேண்டாம். நான் விலங்கியல் பட்டப்படிப்பு முடித்துவிட்டு டெக்னீஷியன் வேலைக்கு நேர்காணல் போனபோது, எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருவர் என் விண்ணப்பத்தைப் பார்த்து, "பிள்ளையார்பாளையமா? நெசவுக் குடும்பமா? அப்போ விரல்ல நுணுக்கம் இருக்கும்" என்றார். எனக்கு அறுந்த இழையைப் பிணைக்கக்கூடத் தெரியாது. எங்கள் அப்பா தறிப் பக்கம் என்னை விட்டதே இல்லை. நான் தொட்டால் தறியில் கட்டிய பாவு நூல் சிக்கும் என்பது அவர் அனுபவம். ஆனால் வேலை கிடைக்கிற நேரத்தில் உண்மையைச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது என்று தலையாட்டினேன். அப்படித்தான் செல் வளர்ப்பு அறைக்குள் நுழைந்தேன். முதல் இரண்டு வருடம் பாட்டில் கழுவினேன். மூன்றாம் வருடம் பாட்டிலுக்குள் ஊற்ற அனுமதித்தார்கள். பயிற்சி என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் தலைவர் டாக்டர் சௌரிராஜன். சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்து, வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தவர். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தப்பு செய்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பேஷ், ரொம்ப நன்னா பண்ணியிருக்கேள். இதை எப்படி இவ்வளவு கச்சிதமா கெடுத்தேள்னு எனக்கும் சொல்லிக் கொடுங்கோ" என்பார். வெளியே வரும்போது, திட்டு வாங்கினோமா பாராட்டு வாங்கினோமா என்று புரிய ஐந்து நிமிடம் ஆகும். கேட்கப் பிடிக்காத விஷயத்தை யாராவது சொல்ல ஆரம்பித்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்கத் தொடங்கிவிடுவார். எவ்வளவு நீளமாகச் சொல்கிறோமோ அவ்வளவு நேரம் துடைப்பார். அந்த ஆய்வகத்திலேயே மிகச் சுத்தமான பொருள் அவருடைய கண்ணாடிதான். எங்கள் குறிப்பேடுகளில் அவர் எழுதுவது பச்சை மையில். அது அதிகாரிகளின் உரிமை என்று அவரே கண்டுபிடித்து, அவருக்கு அவரே வழங்கிக்கொண்டது.

ஆனால் செல் வளர்ப்பு அறைக்குள் வரும்போது மட்டும் செருப்பைக் கழற்றி, கையை முழங்கை வரை கழுவி, இன்குபேட்டர் கதவைத் திறக்கும் முன் ஒரு நொடி நிற்பார். அந்த ஒரு நொடிக்காக அவரை நான் பல வருடம் மன்னித்திருக்கிறேன்.

அவருடைய ஆராய்ச்சி இதுதான். நுரையீரல் புற்றுநோயில் 'சிறு செல்' என்று ஒரு வகை உண்டு. மிக வேகமாகப் பரவுவது. அந்தச் செல்கள் ஒரு பெப்டைடு ஹார்மோனைத் தாமே சுரக்கின்றன. அந்த ஹார்மோன் வந்து உட்காருவதற்கான ஏற்பியையும் தம் மேலேயே வைத்திருக்கின்றன. அதாவது 'வளர்க' என்று தனக்குத் தானே உத்தரவு போட்டு, அதைத் தானே பெற்றுக்கொண்டு, தலைமை ஆணையிட்டுவிட்டது என்று வளர்ந்துகொண்டே போவது. நம் நாட்டில் இந்த முறையில் நடக்காத கட்சி எது என்று கேட்காதீர்கள். டாக்டரின் யோசனை எளிமையானது: ஏற்பியில் ஹார்மோன் உட்காருவதற்கு முன் வேறொன்றை உட்காரவைத்துவிட்டால்? அந்த 'வேறொன்று'க்குத் தடுப்பான் என்று பெயர். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. உத்தரவு போய்ச் சேராது. செல் வளர்வது குறையும்.

அதைச் சோதித்துப் பார்ப்பது ரெஹானாவின் முனைவர் பட்ட வேலை. ஆற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. அவள் சோதனை செய்வாள், அதற்கான செல்களை நான் வளர்த்துக் கொடுப்பேன். இரண்டு நாளுக்கு ஒரு தடவை குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ரோஸ் நிறத் திரவம் மஞ்சளாகியிருந்தால் செல்லுக்குப் பசி என்று அர்த்தம். பழையதை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். வடிகட்டிய காற்று வீசும் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, மூடியைக் கவிழ்க்காமல், பேசாமல், தும்மாமல் செய்ய வேண்டிய வேலை. எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று: ஒரு நேரத்தில் ஒரு வகைச் செல்தான் பெட்டிக்குள் போகலாம். ஒவ்வொரு வகைக்கும் தனித் திரவ பாட்டில். ஒன்றை முடித்து அடுத்ததை எடுக்க இருபது நிமிடம் இடைவெளி. இந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவளே நான்தான்.

எங்களிடம் இரண்டு வகைச் செல்கள் இருந்தன. ஒன்று இந்த நுரையீரல் செல். அது குப்பியில் ஒட்டாது. சின்னச் சின்னத் திராட்சைக் கொத்துகளாக மிதக்கும். இன்னொன்று, வேறொரு பிரிவுக்காக நான் வளர்த்த கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல். அது குப்பியின் அடியில் ஓடு பதித்த மாதிரி ஒட்டிக்கொண்டு அசுர வேகத்தில் பெருகும். உலகம் முழுக்க ஆய்வகங்களில் அழையாத வீட்டுக்குள் நுழைந்துவிடும் விருந்தாளி என்று அதற்குக் கெட்ட பெயர் உண்டு.

ரெஹானாவின் முதல் வருடச் சோதனைகள் ஒழுங்காக நடந்தன. தடுப்பானைப் போட்டால் நுரையீரல் செல்களின் வளர்ச்சி குறைந்தது. பிறகு ஒருநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, மிதக்கும் கொத்துகளுக்குக் கீழே, குப்பியின் அடியில் சில செல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு பிரகாசம்.

"மாறிண்டு வர்றது மல்லிகா. இந்த ஜாதியில சிலது இப்படி ஒட்டற குணத்துக்கு மாறும், எனக்குத் தெரியும். இதுதான் ரொம்ப உக்கிரமானது."

"சார், வேற எதாச்சும் கலந்திருக்குமோ?"

கண்ணாடி கழன்றது. துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு, என் குறிப்பேட்டை வாங்கிப் பச்சை மையில் எழுதினார்: 'ஒட்டியவற்றை மட்டும் வளர்க்கவும். மிதப்பவை வேண்டாம்.'

மிதந்தவற்றை நான்தான் கொட்டினேன். உத்தரவு.

அதன் பிறகு எங்கள் ஆய்வகத்தில் ஆச்சரியங்கள் வரிசையாக நிகழ்ந்தன. புதிய செல்கள் முன்பைவிடப் பலமடங்கு வேகமாக வளர்ந்தன. டாக்டர் மகிழ்ந்தார். தடுப்பானைப் போட்டால் அவை சட்டையே செய்யவில்லை. டாக்டர் இன்னும் மகிழ்ந்தார். மருந்துக்குப் பணியாத எதிர்ப்புச் சக்தியை நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்றார். ஹார்மோனில் கதிரியக்கக் குறி வைத்து ஏற்பிகளை எண்ணிப் பார்த்த ரெஹானா, "அக்கா, ஏற்பியே இல்லக்கா, எண்றதுக்கு ஒண்ணும் கிடைக்கல" என்று அழுகிற குரலில் வந்தாள். அதற்கும் டாக்டரிடம் விளக்கம் இருந்தது: ஏற்பிகள் உள்ளே ஒளிந்துகொண்டிருக்கின்றன. இல்லாத ஒன்றை ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டால் அதை யாராலும் பொய்யென்று நிரூபிக்க முடியாது. அந்த வகையில் அது அசைக்க முடியாத விஞ்ஞானம். இப்படியே இரண்டு வருடம் ஓடியது. கட்டுரை தயாராகி அவர் பையில் இருந்தது. சென்னையில் ஒரு மாநாட்டில் பேச அழைப்பும் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் எதிர்வீட்டு ஏகாம்பரம் அண்ணனுக்கு நோய் என்று தெரிந்தது. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். சாயப் புகையோடு பீடிப் புகையையும் சேர்த்து நாற்பது வருடம் இழுத்தவர். இருமல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். அதே 'சிறு செல்' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க நின்றவளைக் கூப்பிட்டார்.

"இன்னா மல்லிகா, நீ ஆபீஸ்ல இதைத்தான் வளக்கிறியாமே?"

"ஆமாண்ணே. ஆராய்ச்சிக்கு."

"நான் வூட்லயே வளக்கிறேன். சம்பளம் இல்லாம." இருமி முடித்துவிட்டுக் கேட்டார்: "மருந்து ஏதாச்சும் கண்டுபுடிச்சீங்களா?"

ஏற்பி, தடுப்பான் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். கவனமாகக் கேட்டார். சாயத்தின் கணக்குத் தெரிந்தவர். ஒன்றில் ஒன்று ஏறி உட்காருவது என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்போ அதைப் போட்டா நின்னுடுமா?"

"முன்ன கொறஞ்சுது. இப்போ கேக்க மாட்டேங்குதுண்ணே. எதிர்ப்பு வந்துடுச்சுன்னு எங்க சார் சொல்றாரு."

"அப்போ எனக்கும் கேக்காதுன்ற."

குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதுவரை எனக்குள் இருந்த சந்தேகம் ஒரு டெக்னீஷியனின் சந்தேகம். சொல்லியாயிற்று, மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று மடித்து வைத்துவிடக் கூடியது. இப்போது, எனக்கே நம்பிக்கையில்லாத ஒரு முடிவை, அந்த நோயால் சாகப்போகிற ஒரு மனிதரிடம் 'எங்க சார் சொல்றாரு' என்று ஒப்பித்துவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் குறிப்பேடுகளை எடுத்து உட்கார்ந்தேன். ஒட்டிய செல்கள் முதலில் தென்பட்ட நாளிலிருந்து பின்னோக்கிப் புரட்டினேன். அந்த நாளுக்கு ஐந்து வாரம் முந்தைய ஒரு பக்கத்தில் என் கையெழுத்து: கருப்பை வாய்ச் செல், காலை 11.10. அடுத்த வரி: நுரையீரல் செல், காலை 11.15. திரவ பாட்டில் எண் இரண்டுக்கும் ஒன்று.

அந்த நாள் நினைவுக்கு வந்தது. கரண்ட் போய், ஜெனரேட்டரில் டீசல் கொஞ்சம்தான் இருக்கிறது, சீக்கிரம் முடி என்று சொல்லியிருந்தார்கள். இருபது நிமிட இடைவெளியை ஐந்தாக்கினேன். இன்னொரு பாட்டிலைத் திறக்காமல் அதையே பயன்படுத்தினேன். எல்லாவற்றையும் செய்துவிட்டு, நேரத்தை மட்டும் நிமிட சுத்தமாக எழுதி வைத்திருந்தேன். சுவரில் என் கையால் ஒட்டிய விதி, நான் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு துளியில் நாலைந்து செல் போதும். மெதுவாக வளரும் நுரையீரல் செல்களை அவை சில வாரத்தில் ஓரங்கட்டிவிடும். அதற்குமேல் மிதப்பவற்றைக் கொட்டிவிட்டு ஒட்டியவற்றை மட்டும் போற்றி வளர்த்தால் கேட்க வேண்டுமா?

டாக்டரைக் குறைசொல்லத் தயாராக உட்கார்ந்தவள், என்னைத்தான் கண்டுபிடித்தேன். பத்து நிமிடம், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். பக்கங்களுக்கு எண் போட்டிருந்தது என்னைக் காப்பாற்றியது.

திரவ நைட்ரஜன் தொட்டியில், எல்லாம் ஆரம்பிப்பதற்கு முன் உறையவைத்த அசல் நுரையீரல் செல் இரண்டு குப்பி இருந்தன. அதில் ஒன்றை எடுத்தேன். பதிவேட்டில் 'ஒப்பிட்டுப் பார்க்க' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அனுமதியில்லாமல் செய்யும் காரியத்தை முறைப்படி பதிவு செய்வதுதான் பத்திரம். பதிவேட்டை யாரும் படிப்பதில்லை. உறையவைப்பது மெதுவாக, உருக்குவது வேகமாக. இதில் தவறினால் செல் செத்துவிடும். வெந்நீரில் குப்பியைச் சுழற்றி, கடைசிப் பனித்துணுக்கு கரைவதற்குள் எடுத்துப் புதுக் குப்பியில் ஊற்றினேன். புது பாட்டில். பெட்டிக்குள் வேறு எதுவும் இல்லை. பத்து நாளில் திராட்சைக் கொத்துகள் மிதந்தன.

ரெஹானாவைக் கூப்பிட்டு மூன்று குப்பிகளை வரிசையாக வைத்தேன். உருக்கிய அசல், இரண்டு வருடமாக அவள் பயன்படுத்தியது, மூன்றாவதாகக் கருப்பை வாய்ச் செல். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போய், திரும்ப இரண்டாவதுக்கு வந்தாள். இரண்டும் அச்சு அசல் ஒன்று.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

"அக்கா, எங்க அத்தாகிட்ட நான் என்னான்னு சொல்லுவேன்? ரெண்டு வருஷமா வேற வியாதியப் படிச்சேன்னா?"

"தப்பு என்னுதுமா" என்று அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். படித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு குறிப்பேட்டை மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அசல் செல்லில் தடுப்பானைப் போட்டு வளர்ச்சியை அளக்கும் வேலையை அன்று மதியமே ஆரம்பித்துவிட்டாள். இன்னொரு கல்லூரியில் தெரிந்தவர்களிடம் செல்லின் அடையாளம் தெரிய இரண்டாவது குப்பியின் குரோமோசோம்களைப் பார்க்கச் சொல்லி அனுப்பியதும் அவள்தான். முடிவு வந்தது. சந்தேகத்துக்கே இடமில்லாமல் கருப்பை வாய்.

மாநாட்டுக்கு மூன்று வாரம் இருந்தது. இருவரும் டாக்டர் அறைக்குப் போனோம். நான் பேச ஆரம்பித்ததும் கண்ணாடி கழன்றது. நான் நிறுத்தவில்லை. அவரும் நிறுத்தவில்லை. குரோமோசோம் படத்தை மேஜையில் வைத்தபோது துடைப்பது நின்றது.

"யார் பண்ணது?"

"நான்தான் சார். பதினொண்ணு பத்துக்கும் பதினொண்ணே காலுக்கும் நடுவுல."

'பேஷ்' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. குறிப்பேட்டை வாங்கி என் இரண்டு வரிகளைப் பார்த்தார். பிறகு தானாகவே பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனார். பச்சை எழுத்து இருந்த பக்கத்தில் நிறுத்தினார். ஒட்டியவற்றை மட்டும் வளர்க்கவும். மிதப்பவை வேண்டாம். அதன் மேல் விரலை வைத்து லேசாகத் தேய்த்துப் பார்த்தார்.

"பச்சை மை சீக்கிரம் மங்கிடும்னு சொல்லுவா. மங்கலியே" என்றார்.

மூன்றாம் நாள் காலை செல் வளர்ப்பு அறைக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கை கழுவி, மூன்று குப்பிகளையும் ஒரு மணி நேரம் பார்த்தார். போகும்போது, "கட்டுரையை அனுப்பப் போறதில்லை. ரெஹானா, முதல்லேர்ந்து ஆரம்பிம்மா" என்றார். எனக்கு ஒரு மெமோ வந்தது. அதில் பச்சை மையில் கையெழுத்து. அது நியாயமான மெமோ. இன்னும் வைத்திருக்கிறேன்.

மாநாட்டுக்கு ரெஹானா போய்விட்டு வந்து சொன்னாள். டாக்டர் மேடையேறி, தயார் செய்த பேச்சை விட்டுவிட்டு, 'பிழை நேர்ந்துவிட்டது' என்று இருபது நிமிடம் விளக்கினாராம். யார் செய்தது என்பது மட்டும் எங்கும் வராமல், பிழை தானாகவே கதவைத் திறந்துகொண்டு வந்து உட்கார்ந்தது போன்ற அழகான ஆங்கிலத்தில். எல்லோரும் கைதட்டினார்களாம். டீ இடைவேளையில் மூன்று பெரிய பேராசிரியர்கள் தனித்தனியாக அவரைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போய், "குரோமோசோம் பார்க்க எங்கே அனுப்பினீர்கள்?" என்று ரகசியமாகக் கேட்டார்களாம். மேடையில் ஒருவரும் கேட்கவில்லை.

இதற்கிடையில் ஏகாம்பரம் அண்ணனிடம் போய், நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். செல் மாறிப்போய்விட்டது, நாங்கள் பார்த்தது நுரையீரலே இல்லை, கருப்பை வாய் என்றேன். அவர் மனைவி கன்னியம்மா முறத்தை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அண்ணன் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது.

"ரெண்டு வருசமா பொம்பளங்க வியாதிக்கு நெஞ்சு மருந்து குடுத்துக்கினு இருந்தீங்களா? நான் நீலத்துல முக்க வேண்டிய நூலை அரக்குல முக்கினா மொதலாளி மூஞ்சில அடிப்பான்."

"இப்போ சரியான செல்லு இருக்குதுண்ணே. ஆனா ஒரே ஒருத்தரோடதுதான். இன்னொருத்தரோட செல்லுலயும் பாத்தாதான் நம்புவாங்க."

அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார். "நெஞ்சுல தண்ணி கோத்துக்கினு இருக்குது. வாரத்துக்கு ஒருக்கா ஊசி போட்டு எடுத்துக் கொட்றாங்க. அதுல இருக்குமா அது?"

இருக்கும். அப்படி எடுத்த நீரிலிருந்துதான் உலகத்தில் இந்த வகைச் செல்கள் பலவற்றை வளர்த்தெடுத்தார்கள். அது எனக்குத் தெரியும். கேட்க வாய் வராமல் இருந்தேன்.

"அப்போ எடுத்துக்கினு போ. கொட்றதுதானே."

டாக்டர் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பேசினார். சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் நான்கு பக்கம். அண்ணனுக்கு நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன்; இரண்டாம் பக்கத்திலேயே, "நான் செத்தா கேஸ் போட மாட்டேன்னு எழுதியிருக்குதா? செரி, போடல" என்று கையெழுத்துப் போட்டார். நீரை எடுத்துவர நிலையத்தின் ஜீப் கேட்டேன். அன்று அது ஒரு முக்கியஸ்தரின் குடும்பத்தை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தது. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தேன்.

ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. குப்பிக்குக் குப்பி இருபது நிமிடம் இல்லை, ஒரு மணி நேர இடைவெளி விட்டேன். ஏழாவது வாரம் கொத்துகள் தெரிந்தன. மிதந்தன. குரோமோசோம் பார்க்க முதல் வேலையாக அனுப்பினோம். ரெஹானா ஏற்பிகளை எண்ணினாள். ஒளியாமல், வெளியிலேயே இருந்தன. தடுப்பானைப் போட்டாள்.

அண்ணன் அப்போது படுக்கையோடு ஆகிவிட்டார். பார்க்கப் போனேன்.

"வளந்துதா?"

ஒருவரிடம் போய், உங்கள் புற்றுநோய் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு எந்தப் பயிற்சியும் கொடுக்கப்படவில்லை. "நல்லா வளருதுண்ணே" என்றேன்.

"இங்கியும்தான்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "மருந்து போட்டா?"

"மெதுவாகுது. நிக்கல."

"மெதுவானாலே போதும்மா. என்னைவிட அதுதான் அவசரமா போய்க்கினு இருக்குது."

அந்தத் தடுப்பானை அவருக்குக் கொடுக்க முடியாது. அது சோதனைக் குப்பியைத் தாண்டாத பொருள். மனிதருக்கு வருமா, வந்தாலும் உதவுமா என்று ஒருவருக்கும் தெரியாது. அதையும் சொன்னேன். "தெரியும், நீ மொகத்தை அப்பிடி வெச்சிக்காத" என்றார். பத்து நாளில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை பகலில், கன்னியம்மா அக்கா ஆய்வக வாசலில் வந்து நின்றார். வாட்ச்மேன் உள்ளே விடமாட்டேன் என்றிருக்கிறார். டாக்டரே போய் அழைத்துவந்தார். செல் வளர்ப்பு அறையில் எங்களைத் தவிர வெளியாள் நுழைந்தது அதுவே முதல் முறை. கை கழுவச் சொன்னோம், கழுவினார். குப்பியைக் காட்டினேன். மைக்ரோஸ்கோப்பில் எப்படிக் கண்ணை வைப்பது என்று சொல்லிக் கொடுத்தேன்.

"இவ்ளோ சின்னதா?"

"இவ்ளோதாங்க்கா."

"உசுரோட இருக்குதா?"

"இருக்குது."

டாக்டருக்கு மனம் இளகிவிட்டது. அவர் பக்கத்தில் வந்து, மிக மென்மையாக, "அம்மா, ஒரு விதத்துல அவர் இங்க இருந்துண்டேதான் இருக்கார். இன்னும் எத்தனையோ வருஷம் இருப்பார்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். குப்பியை எடுக்கும்போதெல்லாம் மனதுக்குள் 'வாங்கண்ணே' என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார்.

"இது அவரா? இது அவரைத் தின்னதுங்க சாமி. எதையாச்சும் பேசாதீங்க." என் பக்கம் திரும்பினார். "இதைக் கொல்லு மல்லிகா. நான் பாக்கணும்."

ரெஹானா கதவருகே நின்றிருந்தாள். அவளுடைய பட்டமே அந்தச் செல்லை நம்பித்தான் இருந்தது. நான் அக்காவிடம் மறைக்கவில்லை. இன்னும் நாலு குப்பி இருக்கிறது, உறையவைத்ததும் இருக்கிறது, வேலைக்கு அது வேண்டும் என்று சொன்னேன்.

"அதெல்லாம் வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்களோ பண்ணுங்க. அவரே குடுத்ததுதானே. இந்த ஒண்ணை என் கண்ணுக்கு முன்னால கொல்லு."

டாக்டரைப் பார்த்தேன். அவர் கை கண்ணாடிப் பக்கம் போகவில்லை. தலையசைத்தார்.

குப்பியிலிருந்து ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விட்டேன். செல் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க நாங்கள் ஒரு நீலச் சாயம் சேர்ப்போம். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது, வெளுப்பாகப் பளபளக்கும். செத்தது நீலமாகும். சாயத்தைச் சேர்த்து அக்காவைப் பார்க்கச் சொன்னேன். எல்லாம் வெளுப்பாக இருக்கிறது என்றார். பிறகு ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட்டை விட்டேன். அது மெதுவாகப் பரவியது. குப்பியில் மிச்சமிருந்ததிலும் ஸ்பிரிட்டை ஊற்றி மூடினேன், பதிவேட்டில் எழுதி டாக்டரிடம் நீட்டினேன், கையெழுத்துப் போட்டார். அக்கா கண்ணை எடுக்கவே இல்லை. ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"புடிக்குது" என்றார். முப்பது வருடம் சாயத்தொட்டியின் பக்கத்தில் நின்றவர். "ஓரத்துல புடிச்சிட்டு உள்ள வருது."

நாங்கள் காத்திருந்தோம்.

"இன்னும் ரெண்டு வெள்ளையா இருக்குது." பிறகு, "ஒண்ணு."

"எல்லாத்துக்கும் ஏறிடுச்சி" என்று எழுந்தார். உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தூக்கி அது இருந்த இடத்திலேயே வைத்தார். பன்னிரண்டே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். வெளியே போய், எங்கள் நாலு ஜோடிச் செருப்புக்கு நடுவில் தன்னுடையது எது என்று தேட ஆரம்பித்தார்.